வண்டி இன்சூரன்ஸ் போலீசுக்காகவா? ஒரு பழைய கதை



போன வாரம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் வந்தான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கையில் ஆர்.சி. புத்தகம். "என்னப்பா, இன்சூரன்ஸ் புதுப்பிக்கவா?" என்றேன். "ஆமா டீச்சர். தண்டச் செலவு. போலீஸ் பிடிச்சா காட்டணும்ல, அதுக்குத்தான்" என்றான்.

அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடையில் கூட்டம். தவிர, இது இரண்டு வரியில் சொல்லும் பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 2009இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். இரண்டு குடும்பமும் இன்னும் இருக்கிறது.

என் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் பிள்ளை. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். வயது 34. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து ரோட்டோரம் நடந்து வரும்போது பின்னால் வந்த மொபெட் மோதிவிட்டது. மூன்றாம் நாள் மதுரையில் இறந்துபோனார். மொபெட் ஓட்டியவர் யார் தெரியுமா? அதே பள்ளியில் நாலாம் வகுப்புப் படித்த பையனின் அப்பா. பயர் ஆபீஸ் தொழிலாளி. எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை அப்படித்தான் சொல்வோம். கெட்ட மனிதர் இல்லை. குடிக்கவில்லை. மழை இருட்டு, எதிரே வந்த லாரியின் வெளிச்சம், கண் கூசிவிட்டது.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. வாங்கிய வருஷம் கடையில் போட்டுக் கொடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு புதுப்பிக்கவே இல்லை.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனது. நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அங்கேதானே இருக்கிறது. நாலு லட்சத்தை ஒட்டி இழப்பீடு என்று தீர்ப்பானது. கொடுக்க வேண்டியவர் அந்தத் தொழிலாளி. எங்கிருந்து கொடுப்பார்? இருந்த ஒன்றரை சென்ட் வீட்டை விற்றார். கடன் போக மிஞ்சியதைக் கட்டினார். தீர்ப்பில் சொன்னதில் பாதிகூட அந்தப் பெண் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. அவள் ஏழாம் வகுப்போடு நின்று, வீட்டில் சரம் பின்ன உட்கார்ந்தாள். அந்தப் பையனின் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. ஒரே விபத்தில் என் வருகைப் பதிவேட்டில் இரண்டு பெயர் போனது.

அன்று வீட்டுக்கு வந்து என் ஸ்கூட்டரின் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பார்த்தேன். காலாவதியாகி நாலு மாதம். பிள்ளைகளுக்குச் சாலை விதி சொல்லிக்கொடுத்த டீச்சரின் லட்சணம் அது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போதுதான் இந்தச் சட்டத்தின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

"மூன்றாம் நபர்" என்றால் யார்?

இன்சூரன்ஸ் தாளில் "தேர்டு பார்ட்டி" என்று இருக்கும். முதல் நபர் வண்டிக்காரர். இரண்டாம் நபர் இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் நபர், நம் வண்டியால் அடிபடக்கூடிய யாரோ ஒருவர். அவர் பெயர் தாளில் இருக்காது. நாளைக்கு நம் எதிரே வரப்போகிறவர் யார் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெயர் தெரியாத ஆளுக்காகத்தான் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது.

மோட்டார் வண்டி வந்த புதிதில் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. அடிபட்டவர் வண்டிக்காரர் மீது வழக்குப் போட வேண்டும். வண்டிக்காரரிடம் பணம் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம்தான் அங்கே முதன்முதலில், 1927இலிருந்து, காருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்றது. இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதையே செய்தது.

அதே 1930இல் இங்கிலாந்தில் இன்னொரு சட்டமும் வந்தது. வண்டிக்காரர் திவாலானால் இன்சூரன்ஸ் பணம் அவருடைய கடன்காரர்கள் கைக்குப் போய்விடும், அடிபட்டவர் வரிசையில் கடைசியில் நிற்பார். அதைத் தடுத்து, அடிபட்டவரே கம்பெனியிடம் நேராகக் கேட்கலாம் என்று சொன்னது அந்தச் சட்டம். இந்தப் பணம் வண்டிக்காரருக்கானது அல்ல, அடிபட்டவருக்கானது என்ற எண்ணம் அங்கே உறுதியானது.

நம் நாட்டுக்கு வந்தது

நம் நாட்டில் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. அதில் இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தில்தான் நம் தென் மாவட்டங்களில் பஸ் ஓடத் தொடங்கியது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழிலில் இறங்கிய காலம். நம் சிவகாசியில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தொழில் பெருகப் பெருக மாட்டுவண்டிகள் போன ரோட்டில் லாரிகள் வந்தன.

அன்று லாரி அடித்து ஒருவர் செத்தால் குடும்பம் என்ன செய்யும்? 1855ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். சம்பாதித்தவர் செத்துக் கிடக்கும் வீட்டில் கட்டணத்துக்குப் பணம் எங்கே?

1939இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் எட்டாம் அத்தியாயம்தான் இன்சூரன்ஸ் பற்றியது. இடையில் இரண்டாம் உலகப் போர். அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்று. சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்பு. அன்றிலிருந்து இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டுவது குற்றம்.

ஆனால் ஓட்டைகள் இருந்தன. லாரிக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய உச்ச வரம்பு மொத்தமே 20,000 ரூபாய். 1969 திருத்தத்தில் 50,000 ஆனது. 1982 திருத்தத்தில் ஒன்றரை லட்சம். அதற்கு மேல் கோர்ட்டு சொன்னால் லாரிக்காரர்தான் கட்ட வேண்டும்.

1956 திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை அமைக்க வழி செய்தது. சிவில் கோர்ட்டுக் கட்டண பாரம் குறைந்தது, நடைமுறை எளிதானது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நடப்பது அதன் தொடர்ச்சிதான்.

1972இல் பொதுக் காப்பீட்டை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகள் நான்காகச் சேர்க்கப்பட்டன. அவற்றில் யுனைடெட் இந்தியாவுக்கு நம் சென்னைதான் தலைமையிடம்.

தப்பு யாருடையது?

அடுத்த சிக்கல் இது. டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. 1977இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. பார்த்த சாட்சி இல்லாவிட்டால் ஏழைக் குடும்பம் எப்படி நிரூபிக்கும்?

1980இல் நம் தமிழ்நாட்டு பஸ் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. இரவில் பஸ் ஒன்று தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட்டு 8 பேர் அங்கேயே இறந்தார்கள். குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையாகிவிட்டார். அதனால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது பஸ் கம்பெனி. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அதை ஏற்கவில்லை. குற்ற வழக்கு வேறு, இழப்பீடு வேறு என்று சொல்லிக் குடும்பங்களின் பக்கம் நின்றார்.

1982 திருத்தத்தில்தான் யார் மேல் தப்பு என்று பார்க்காமலே ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று வந்தது. இறந்தால் 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் அடிபட்டவர்களுக்கும் ஒரு நிதி வந்தது. இன்று அந்த நிதியில் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. இது 2022 ஏப்ரல் 1 முதல். வண்டி எண் தெரியவில்லை என்று ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள்.

1988 சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாம் இன்று பின்பற்றுவது அதைத்தான். உயிருக்கும் காயத்துக்கும் இருந்த உச்ச வரம்பை அது எடுத்துவிட்டது. கோர்ட்டு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் கம்பெனி கொடுக்க வேண்டும். சில நூறு ரூபாய் பிரீமியத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய உறுதி அது.

ஒரு கணக்கு

2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் இழப்பீட்டைக் கணக்கிட ஒரு சீரான முறை சொன்னது. இறந்தவர் மாதம் 3,000 சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 36,000. சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 24,000. வயது 31 முதல் 35க்குள் என்றால் 16ஆல் பெருக்க வேண்டும். 3,84,000. 2017இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்புக்குப் பிறகு எதிர்கால உயர்வுக்கும் சேர்க்க வேண்டும். 40 வயதுக்குள் மாதச் சம்பள உத்தரவாதம் இல்லாதவருக்கு 40 சதவீதம். அப்படியானால் 5,37,600. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்.

ஒரு தீப்பெட்டித் தொழிலாளியின் உயிருக்கே இவ்வளவு. நாளைக்கு நம் வண்டி ஒரு என்ஜினீயர் மேல் மோதினால்? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அரசு பஸ் ஏன் ஜப்தி ஆகிறது?

"இழப்பீடு தராததால் அரசு பஸ் ஜப்தி" என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். அரசு போக்குவரத்துக் கழகம் தனியாக ஒரு நிதி வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்குப் பெறலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் பணம் தர இன்சூரன்ஸ் கம்பெனி கிடையாது, கழகமே தர வேண்டும். தாமதமானால் கோர்ட்டு அமீனா வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸை எடுத்துப் போகிறார். பயணிகள் பையோடு கீழே இறங்குகிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளில் ஒருத்தி, "டீச்சர், எங்க ஊர்ல மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற தொகை, தமிழ்நாட்டுல எவ்வளவு?" என்று கேட்டாள். அமெரிக்காவில் அப்படித்தான். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இன்றும் கட்டாயமே இல்லை. நம் நாட்டில் இது மத்திய சட்டம். காஷ்மீரிலும் சாத்தூரிலும் ஒரே விதி. தேர்டு பார்ட்டி பிரீமியத்தையும் மத்திய அரசுதான் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த அறிவிப்பில் 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை.

நம் மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டியது

1976இல் நான் பள்ளி மாணவி. அப்போது நாம் ராமநாதபுரம் மாவட்டம். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற வண்டி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. குழந்தைகள் பலர் இறந்தார்கள். சிவகாசியில் பிள்ளைகள் வேலைக்குப் போவதை நாடு திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். 1990இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த ஆபத்தான தொழிலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு எடுக்க வேண்டும், பிரீமியத்தை முதலாளி கட்ட வேண்டும் என்றது. ஆலைக்குள் நடப்பதற்கு இப்படிச் சில வழிகள் வந்தன. ஆலைக்குப் போகும் வழியில் நடப்பதற்கு?

இங்கேதான் என் லோடு ஆட்டோத் தம்பி கவனிக்க வேண்டும். சரக்கு வண்டியில் இலவசமாகவோ கூலிக்கோ ஏறிப் போகும் பயணிக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பாகாது என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ கூட வந்தால் உண்டு. வண்டி உரிமையாளரிடமே வேலை பார்க்கும் டிரைவர், லோடுமேனுக்கும் உண்டு. காலையில் பின்னால் நின்றுகொண்டு பயர் ஆபீசுக்குப் போகும் பதினைந்து பெண்களுக்கு இல்லை. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குக் குடும்பத்தோடு லோடு வண்டியில் போகிறோமே, அந்தப் பிள்ளைகளுக்கும் இல்லை. தாளில் இன்சூரன்ஸ் இருக்கும். ஏறியவர்கள் அதற்குள் இருக்க மாட்டார்கள்.

பைக்கில் பின்னால் உட்காருபவருக்கும் இதே கதைதான். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி அவரைக் காக்காது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. 'பேக்கேஜ்' என்கிற முழுப் பாலிசி எடுத்தால் அவரும் வருவார். ஓட்டும் உரிமையாளர் மூன்றாம் நபர் இல்லை என்பதால் அவருக்குத் தனியாக விபத்துக் காப்பு வேண்டும். 2018இல் அதை 15 லட்சமாக உயர்த்தினார்கள். கூடப் பணம் கேட்கிறார்களே என்று அதை அடித்துவிடச் சொல்லாதீர்கள்.

கோயம்புத்தூர் டாக்டரின் வழக்கு

கடைசியாக ஒரு நல்ல செய்தி. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் உத்தரவு வந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கினால் 3 வருஷத்துக்கும், புது இருசக்கர வண்டி வாங்கினால் 5 வருஷத்துக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும்.

அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது எனக்கு அந்த மொபெட் ஞாபகம் வந்தது. முதல் வருஷத்தோடு விட்டுவிடும் பழக்கம் அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை, நாடு முழுக்க இருந்தது. அதைப் புரிந்துகொண்டு போட்ட உத்தரவு இது. ஒன்பது வருஷம் முன்னால் வந்திருந்தால் என் வகுப்பில் அந்தப் பெண் எட்டாம் வகுப்புக்குப் போயிருக்கலாம்.

ஆனால் ஆறாவது வருஷம் யார் புதுப்பிப்பார்? நம் நாட்டு ரோட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இன்றும் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024இல் கவலைப்பட்டது. 2018 செப்டம்பரிலும் அடுத்து வந்த மாதங்களிலும் வாங்கிய பைக்குகளுக்கெல்லாம் அந்த ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. உங்கள் வண்டியும் அதில் ஒன்றா என்று பாருங்கள்.

அபராதமும் தெரிந்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000. மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது இப்போதைய சட்டம். 1994இல் எடுத்துவிட்ட காலக்கெடு 2022 ஏப்ரல் முதல் திரும்ப வந்திருக்கிறது. துக்கம் முடியட்டும் என்று ஒரு வருஷம் காத்திருக்காதீர்கள்.

தம்பி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போலீஸ் கேட்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாள் போலீசுக்காக எழுதியது இல்லை. நீ யாரென்றே தெரியாமல் ரோட்டோரம் நடந்து வரும் ஒருத்திக்காகவும், அவள் வீட்டில் சோற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்காகவும் எழுதியது. உன் வீடு உன்னிடமே இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் வண்டியின் தாளை எடுத்து, முடிவுத் தேதியைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பையன்களின் வண்டியையும் பாருங்கள். என்னுடையது இந்த ஆண்டு புதுப்பித்தாயிற்று.

யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்